ஜெபித்தும் மனம் லேசாகவில்லையே, ஏன்?

கேள்வி: 3 மார்ச் 2025, இரவு 10:40

காலையிலும் இரவிலும் தவறாமல் ஜெபிக்கிறேன். வேதம் வாசிக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. சொல்லிக்கொள்ளும்படி பெரிய கஷ்டமும் கிடையாது. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆனாலும் விடியற்காலையில் கண் விழித்ததுமே நெஞ்சில் கல் ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். "விசுவாசிக்கு ஏது சோர்வு? இன்னும் அதிகமாக ஜெபி" என்றார்கள். என் விசுவாசத்தில்தான் குறையா? இந்த நிலையில் இருந்தவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம்.

4 மார்ச், காலை 5:50

புத்திமதி வேண்டாம் என்று கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன், தங்கச்சி.

"விசுவாசிக்கு ஏது சோர்வு" என்று சொன்னவர் சங்கீதப் புத்தகத்தைப் பாதிகூடப் படித்திருக்கமாட்டார். 42ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" ஐந்தாம் வசனத்தில் ஒரு தடவை. பதினோராம் வசனத்தில் மறுபடியும். அடுத்த சங்கீதத்தின் கடைசியில் மூன்றாம் தடவை. முதல் தடவை சொன்னதுமே மனம் அடங்கியிருந்தால் பிறகு இரண்டு தடவை எதற்கு? அந்த மனிதருக்கும் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

88ஆம் சங்கீதம் இதற்கும் மேல். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் திரும்பி, "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்று வந்து நிற்கும். இது திரும்பவே திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு ஆமென் கூடக் கிடையாது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஜெபக்கூட்டத்தில் அந்தச் சங்கீதக்காரன் எழுந்து சாட்சி சொன்னால் பாதியிலேயே உட்காரச் சொல்லிவிடுவோம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரவு எழுதுகிறேன்.

4 மார்ச், இரவு 9:30

காலையில் வசனமாக அடுக்கிவிட்டுப் போனேன். அதுவும் ஒரு வகைப் புத்திமதிதான். என் கதையைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன்.

எனக்கு வயது 48. பாளையங்கோட்டை. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவார். மகள் வெளியூரில் படிக்கிறாள். வீட்டில் நானும் என் மாமியாரும். அத்தைக்கு 79 வயது, மூன்று வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே போகிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார்.

நீங்கள் சொல்லும் அந்தக் கல் எனக்கும் இருந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம். ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். உபவாசம் இருந்த நாளில் தலைசுற்றி அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது ரத்தத்தை. தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பு மட்டும் அல்ல, மனமும் மந்தமாகும், அழுகை வரும், எதிலும் பிடிப்பு இருக்காது என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிசாசின் சோதனை என்று நினைத்து நான் இரண்டு வருடம் கடிந்துகொண்டதில் பாதி என் தொண்டையில் இருந்த ஒரு சுரப்பி.

பாதி என்றுதான் சொல்கிறேன். மீதிப் பாதி மாத்திரைக்குப் போகவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்டபின் அரைமணி நேரமாவது காப்பி குடிக்கக் கூடாது. காப்பி இல்லாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. ஆக ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை அடுக்களையில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் ஜெபநேரம் என்று ஒன்று உண்டானது அப்படித்தான். முன்பு முழங்காலில் நின்று பட்டியல் வாசிப்பேன். இப்போது பெரும்பாலும் பேசுவதில்லை. பால் பாக்கெட் குளிர்ந்து வியர்த்து மேடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

5 மார்ச், இரவு

இன்று சாம்பல் புதன். எங்கள் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை; லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிய ஆராதனை மட்டும். கேள்வி கேட்ட தங்கச்சி, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னென்ன பரிசோதனை என்பதைப் பொறுத்தது. ஆய்வகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லெந்து என்று உபவாசத்தோடு போய் என்னைப்போல் படிக்கட்டில் உட்காராதீர்கள்.

7 மார்ச், இரவு 10:15

எலியா தீர்க்கதரிசியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே என்று பார்த்தேன். 1 இராஜாக்கள் 19.

கர்மேல் மலையில் பாகாலின் ஆட்களுக்கு எதிராக அத்தனை பெரிய வெற்றி. மழையும் வந்துவிட்டது. அடுத்து யேசபேல் ராணியிடமிருந்து ஒரு மிரட்டல், ஆள் ஓடிவிடுகிறார். வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அந்தப் "போதும்" என்ற சொல்லை நான் அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அப்போது தேவன் என்ன செய்தார்? "உன் விசுவாசம் எங்கே" என்று கேட்கவில்லை. தூதனை அனுப்பினார். தூதனும் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். அதைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெலத்தினால் நாற்பது நாள் நடந்தார்.

சோர்ந்த மனிதனுக்கு வானத்திலிருந்து வந்த முதல் உதவி ஓர் அடை. இதை எந்தக் கன்வென்ஷனிலும் யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் வேகமாக, பின்னால் தேவன் பேசுகிற "அமர்ந்த மெல்லிய சத்த"த்துக்குத் தாவிவிடுவார்கள்.

8 மார்ச், காலை

தூத்துக்குடி அண்ணாச்சி திருத்தியிருக்கிறார், சரிதான். தூதன் வந்தது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நான் ஞாபகத்திலிருந்து எழுதி நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். இப்போது புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். "அப்பொழுது அவன், புசித்துக் குடித்துத் திரும்பப் படுத்துக்கொண்டான்."

திரும்பப் படுத்துக்கொண்டான்! இந்த வரியையா விட்டேன்? தேவதூதன் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தூதனும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தரம் வந்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி இன்னொரு தடவை சாப்பிடச் சொன்னான். அண்ணாச்சி, உங்கள் திருத்தம் என் பதிவைவிட நன்றாக இருக்கிறது.

11 மார்ச், இரவு 9:00

"பயப்படாதே" என்று வேதத்தில் 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலண்டர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன், பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மாமனார் வைத்திருந்த ஒத்தவாக்கிய அகராதி இருக்கிறது, வேதத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் புத்தகம். கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு எண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. பயப்படாதே, பயப்படாதேயுங்கள், பயப்படாதிருங்கள், அஞ்சாதே, கலங்காதே என்று எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினேன். 365இல் பாதியைக்கூட எட்டவில்லை.

அது போகட்டும். லீப் வருடத்தில் பிப்ரவரி 29 அன்று மட்டும் பயந்துகொள்ளலாமா?

கேலிக்குச் சொன்னேன், மன்னிக்கவும். நான் அதில் கவனித்தது வேறு. அந்த வார்த்தை வரும் இடங்களில் முக்கால்வாசி ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம் சொல்லப்பட்டது. மேய்ப்பர்கள், மரியாள், படகில் இருந்தவர்கள். பயந்ததற்காக யாரையும் கூட்டத்தைவிட்டு வெளியே அனுப்பவில்லை.

ஒரு நிமிஷம், இதையும் திருத்த வேண்டும். போருக்கு ஆள் சேர்த்த கிதியோன் கதையில் அனுப்பினார்கள். "பயமும் திகிலும் உள்ளவன் திரும்பிப் போகட்டும்" என்றதும் இருபத்தீராயிரம் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களைத் திட்டியதாக ஒரு வரியும் இல்லை. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

16 மார்ச், ஞாயிறு, இரவு 11:20

மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன் என்று எழுதி இருந்தேன். இன்று அதற்கு வேளை வந்துவிட்டது.

அத்தைக்குச் சாப்பிட்டது ஞாபகம் இருப்பதில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், "பிள்ளை, எனக்கு இன்னும் சோறு போடவில்லையே" என்பார். அது வியாதி என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார், நானும் நிறையப் படித்திருக்கிறேன். இன்று மத்தியானம் கோவிலிலிருந்து வந்து, மீன்குழம்பு வைத்து, முள் எடுத்து, பிசைந்து கொடுத்து, அவர் சாப்பிட்டு முடித்தார். நான் என் தட்டைப் போட்டு உட்காரப் போகும்போது ஜன்னலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம், "நேற்றிலிருந்து பட்டினி போடுகிறாள், பாருங்கள்" என்று அழுகிறார்.

என் கையில் இருந்த எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டேன். அவர்மேல் எறியவில்லை. தரையில்தான். ஆனால் அது சுழன்று சுழன்று நிற்க வெகுநேரம் ஆனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அத்தை காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் யார் வீட்டம்மா? எதற்குக் கோபமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மரியாதையாக, பன்மையில்.

காலையில்தான் திருவிருந்து எடுத்திருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். "விடு, அம்மாவுக்கு ஞாபகமா இருக்கப்போகிறது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஞாபகம் இருக்கிறதே.

17 மார்ச், காலை 6:40

ராத்திரி எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறவர், "அன்பின் ஆவியைக் கேட்டு ஜெபியுங்கள் சகோதரி" என்று சொல்லியிருக்கிறார். கேட்கிறேன் ஐயா. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "எனக்குப் பொறுமை தாரும்" என்று ஜெபித்த நாட்களில் நாள் முழுக்க என் பொறுமையின் அளவையே பார்த்துக்கொண்டிருப்பேன், காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல். சாயங்காலத்துக்குள் அது இறங்கிவிடும். இறங்கியதும் என்மேலேயே எரிச்சல். எரிச்சலில் அத்தையிடம் வள்ளென்று விழுவேன்.

இன்று காலை நாற்காலியில் உட்கார்ந்து, "நேற்றுத் தட்டைப் போட்டு உடைத்தேன்" என்று மட்டும் சொன்னேன். (உடையவில்லை. விளிம்பு நெளிந்திருக்கிறது.) வேறு எதுவும் கேட்கவில்லை. பதிலும் வரவில்லை. ஆறு மணிக்குக் காப்பி போட்டேன், அத்தைக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார்.

22 மார்ச், இரவு

முதல் பதிவில் "விசுவாசிக்கு ஏது சோர்வு" என்று சொன்னவரை நக்கலடித்திருந்தேன். அந்த வார்த்தையை எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் ஒரு பெரியம்மா அடிக்கடி சொல்வார். என் மனதில் இருந்தது அவர் முகம்தான். தங்கச்சி கேட்டது யாரைப் பற்றியோ. நான் திட்டியது இவரை.

அந்தப் பெரியம்மா இன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஃபிளாஸ்கில் ரசம், தூக்குவாளியில் சோறு, ஓர் அப்பளக்கட்டு. யாரோ சொல்லியிருக்கிறார்கள், எதிர்வீடாகத்தான் இருக்கும். "நீ போய்ப் படு" என்றார். "இல்லை பெரியம்மா, அத்தைக்கு..." என்று இழுத்தேன். "அவளை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். உன்னைவிட அதிகமாக. போய்ப் படு." கதவைச் சாத்திவிட்டார்.

இரண்டரை மணி நேரம் தூங்கினேன். எழுந்து வந்தால் இரண்டு பேரும் 1970களில் நடந்த ஏதோ ஓர் அசனத்தில், அதாவது கோவில் விருந்தில், சாம்பார் அடிப்பிடித்ததைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடிப்பிடிக்க விட்டது யார் என்பதில் அத்தைக்கு ஞாபகப் பிசகே இல்லை.

போகும்போது வாசலில் நின்று, "சோர்ந்துபோகாதே, விசுவாசிக்குச் சோர்வு கிடையாது" என்றார். அவருடைய வாய்ப்பழக்கம் அது. நான் "சரி பெரியம்மா" என்றேன்.

26 மார்ச், இரவு 9:45

இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பதால் சேர்த்துச் சொல்கிறேன். மனதுக்கு மாத்திரை போடுவது அவிசுவாசமா?

பவுல் தீமோத்தேயுவுக்கு என்ன எழுதினார்? "உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும், கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்றார். அந்தக் காலத்து மருந்து அது. கைவைத்து ஜெபித்தால் போதும் என்று எழுதவில்லை. வயிற்றுக்கு ஒரு நியாயம், தலைக்கு ஒரு நியாயமா?

நம் நாட்டிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து 1907இல் வந்த மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ். பெரிய பேச்சாளர். வந்த சில வருடங்களில் மனமும் உடம்பும் முறிந்து, ஓய்வுக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் முறிந்தவர். லக்னோவில் ஒரு கோவிலில் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது தனக்கு விடுதலை கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த இடத்தோடு சாட்சியை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அதே மனிதர் 1950இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். தனக்கு ஜெபத்தில் கிடைத்ததால் மற்றவர்களும் ஜெபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை, டாக்டர்களை வைத்தார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறைக்குப் பேர்போன இடம்.

தங்கச்சி, உங்களுக்குத் தனியாகவும் ஒன்று. அழுகை ஒரு பக்கம் இருக்கட்டும். "இருந்து என்ன பயன்" என்கிற எண்ணம் வந்தால், விடியட்டும், ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எலியாவும் "எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னவர்தான். அவரைத் தனியாக விடவில்லை.

27 மார்ச், காலை

நேற்று கொஞ்சம் பிரசங்கமாகிவிட்டது. "பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைக் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு தம்பி கேட்கிறார். ஒட்டுங்கள் தம்பி. ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." பவுல் சிறையிலிருந்து எழுதின கடிதம் அது. அவர் சொல்லும் "எல்லாம்" என்பதில் பட்டினியும் அடக்கம். தமிழில் அந்த எதுகை விழுந்திருக்கும் அழகுக்காகவே எனக்கு முந்தின வசனம்தான் பிடிக்கும். கண்ணாடியில் இடம் போதாது, அதுதான் சிக்கல்.

2 ஏப்ரல், இரவு

ஒரு வம்பு வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றைச் சங்கத்திலிருந்து ஒரு பெண் பேச வேண்டும். ஐயர் என்னிடம் ஐந்தாம் வார்த்தையைக் கொடுத்துவிட்டார். "தாகமாயிருக்கிறேன்."

நான்காம் வார்த்தையாக இருந்திருந்தால் என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவரும் தம் ஊர்ச் சங்கீதத்தைச் சொல்லித்தான் அழுதார், அதையே பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசலாம். ஐந்தாம் வார்த்தையில் என்ன இருக்கிறது? ஒற்றைச் சொல். தண்ணீர் கேட்கிறார்.

கேட்டவருக்கு வந்தது காடி, புளித்த திராட்சரசம். "கடற்காளானைக் காடியிலே தோய்த்து, ஈசோப்புத்தண்டில் மாட்டி" என்று இருக்கும். சின்ன வயதில் கடற்காளான் என்றால் கடலில் முளைக்கும் காளான் என்று நினைத்து, அதைப் பொரித்துச் சாப்பிடுவார்களா என்று ஞாயிறு பள்ளி டீச்சரிடம் கேட்டு அடி வாங்கினேன். ஸ்பஞ்சு என்று தெரிய எனக்குக் கல்லூரிவரை ஆனது.

யாராவது ஐந்தாம் வார்த்தை பேசியிருந்தால் குறிப்பு கொடுங்கள். "ஆத்துமாக்களுக்காகத் தாகமாயிருந்தார்" என்பதை மட்டும் வேண்டாம். அதை வருடா வருடம் கேட்கிறோம்.

10 ஏப்ரல், இரவு 10:30

டோனாவூர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், போயிருக்கிறேன். களக்காடு பக்கம், மலையடிவாரம். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். புத்தகங்கள் பலவற்றைப் படுக்கையில் இருந்துதான் எழுதினார். கல்லறைக்கு மேலே கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

அவரை நினைத்துப் பெலன் கொள்ளுங்கள் என்று நீங்கள் எழுதியது சரிதான். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். அத்தை வந்தபிறகு எனக்கு நினைவு வேறு பக்கம் போகிறது. அந்த இருபது வருடமும் அந்த அறைக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர்கள், படுக்கையை மாற்றியவர்கள். அவர்களுக்கு எரிச்சல் வந்த நாளில் எங்கே போய் உட்கார்ந்தார்கள்?

இதை எழுதும்போதுதான் எனக்குப் படுகிறது: தண்ணீர்த் தொட்டி. தாகம். ஐந்தாம் வார்த்தைக்கு எதையோ பிடித்துவிட்டேன்போல் இருக்கிறது. பறவை என்ன நன்றி சொல்லிவிட்டா குடிக்கிறது?

19 ஏப்ரல், சனி, மாலை 4:00

பேசிவிட்டேன்.

ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மணி இரண்டு தாண்டிவிட்டது என் முறை வரும்போது. மின்விசிறி அனல்காற்றைத்தான் இறக்கியது. முன்வரிசையில் இருந்த பாட்டிமார் ஆராதனைமுறைத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். நான்காம் வார்த்தையைப் பேசினவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டதில் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். ஐயர் என்னிடம், "சுருக்கமாக" என்று விரலைக் காட்டினார்.

பறவைத் தொட்டியில் தொடங்குவதாக இருந்தேன். அந்தப் பக்கத்தையே காணோம், வீட்டில் விட்டுவிட்டேன். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தவர், சமாரியப் பெண்ணிடம் "தாகத்துக்குத் தா" என்று கேட்டவர், கடைசியிலும் கேட்டுத்தான் வாங்கினார். கேட்பது அவருக்குக் கேவலமாக இல்லை. நமக்குத்தான் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன், ஸ்தோத்திரம்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பசிக்கிறது என்று கேட்கிறார். அதற்காக நான் ஒருநாள் தட்டைத் தூக்கிப் போட்டேன்.

இதைச் சொல்வதாக நான் நினைக்கவே இல்லை. விசிறிக்கொண்டிருந்த தாள்கள் சில நின்றன. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. "காடியானாலும் அவர் வாங்கிக்கொண்டார்" என்று முடித்து இறங்கிவிட்டேன். ஒன்பது நிமிடம் என்று கணவர் சொன்னார்.

மூன்று மணிக்குப் பிறகு வளாகத்தில் கஞ்சி. துவையல் உறைப்பு. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவர், தன் அப்பாவைக் கையால் அடித்திருப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு தடவை. ஏழு வருடமாகிறதாம். கஞ்சியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இன்று முழுக்க அவர் ஞாபகம்தான்.

பெரியம்மா மட்டும், "கோவிலில் வைத்து வீட்டு விஷயத்தையா பேசுவது" என்று கடிந்துகொண்டார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பேசியது என் தப்பு மட்டும் அல்ல, அத்தையின் பசியும்கூட. அவரிடம் கேட்டுக்கொண்டு பேசவில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை முடிந்து வந்தேன். யோவான் 21ஐ இப்போது எடுத்துப் பார்த்தால், உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."

"அக்காவுக்கு வேதத்தில் எங்கே பார்த்தாலும் சாப்பாடுதான் கண்ணில் படுகிறது" என்று தம்பி எழுதினால் தப்பில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

4 மே, ஞாயிறு, இரவு 9:10

தங்கச்சி, உங்கள் பதிவைப் பார்த்தேன். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் முதலில் ஏமாற்றமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் புரிகிறது. சுரப்பியின்மேல் பழியைப் போட முடிந்தால் லேசு. மனநல டாக்டரிடம் போனது நல்லது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று அவர் சொல்லியிருப்பார், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். ஜெபக்கூட்டத்தில் சொல்லவேண்டுமா என்று கேட்கிறீர்கள். எல்லோரிடமும் சொல்லவேண்டியதில்லை. ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுவரக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் வாயில் என்ன வசனம் வந்தாலும் பரவாயில்லை.

அந்தக் கல் எனக்கு இன்னும் சில காலைகளில் இருக்கிறது. ஐந்தரைக்கு இருக்கும். ஆறு மணிக்குச் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

பகலில் வரும் அக்கா ஓர் உபாயம் சொல்லிக்கொடுத்தார். ஒரே தடவையாகப் போடாமல் சின்னத் தட்டில் பிரித்துப் பிரித்துப் போடுவது. நான்கு இட்லி என்றால் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. "சாப்பிடவில்லை" என்று சொல்லும்போதெல்லாம் கொடுக்க ஒன்று மிச்சம் இருக்கும். நான் இரண்டு வருடம் "சாப்பிட்டாயிற்று அத்தை" என்று வாதாடிக்கொண்டிருந்தேன். தட்டு அதே நெளிந்த தட்டுதான். அதன் அளவு சரியாக இருக்கிறது.

கூப்பிடுகிறார். மூன்றாவது இட்லி.